எழுபத்தைந்தில் ஒரு கோடு

என்னுடைய மாணவி என்கிறார். அடுத்த வாக்கியத்தில் என்னுடைய அணுக்கரு என்கிறார். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஞானசிகாமணி சார் இப்படியே போனால் ஈயத்தையும் இரும்பையும்கூடத் தன் பெயரில் பட்டா போட்டுக்கொண்டுதான் உட்காருவார். நான் திரைக்குப் பக்கத்தில், கையில் ஸ்லைடு மாற்றும் ரிமோட்டோடு, பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்கிறவள் மாதிரி நிற்கிறேன். மாதிரி என்ன, பட்டுப்புடவைகூடக் கட்டியிருக்கிறேன். அம்மாவின் தேர்வு. "ஊரே பார்க்க வரும், காட்டன்ல போய் நிக்காத." ஊர் வரவில்லை. துறை வந்திருக்கிறது, பக்கத்துத் துறையிலிருந்து போண்டாவுக்கு ஆசைப்பட்டுப் பத்துப் பதினைந்து பேர் வந்திருக்கிறார்கள், அம்மா முதல் வரிசையில் மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறாள், ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சார் பேசும் ஒவ்வொரு இங்கிலீஷ் வாக்கியத்துக்கும் தலையாட்டுகிறாள். வைவாவாம். வாய்மொழித் தேர்வாம். முனைவர் பட்டத்துக்கு முந்தைய கடைசித் தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். தேர்வாளருக்கு முன்கூட்டியே சால்வை வாங்கி மடித்து மேசையில் வைத்துவிட்டு நடத்தும் தேர்வு உலகத்தில் வேறெங்காவது இருக்கிறதா தெரியவில்லை. அந்தச் சால்வைக்கு இந்தப் பக்கம் குருப் சார் உட்கார்ந்திருக்கிறார். கேரளத்திலிருந்து காலை ரயிலில் வந்த வெளித் தேர்வாளர். ஒல்லி, வெள்ளைச் சட்டை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். எந்த அத்தியாயம் என்று இங்கிருந்து தெரியவில்லை. நான்காவதாக இருக்கட்டும். இல்லை, நான்காவதாக இருக்க வேண்டாம். எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், சார் முதலில் அந்த மைக்கைக் கீழே வைக்கட்டும்.

வைக்கமாட்டார். இப்போது தன் டெல்லி சொற்பொழிவுக்குப் போய்விட்டார், அங்கிருந்து ஜெர்மனிக்குப் போவார், அங்கே ஒரு வெள்ளைக்காரர் இவர் தோளில் தட்டி, இந்த வயதில் இப்படி ஒரு தலைகீழ் பட்டையா என்று கேட்டதைச் சொல்வார், அப்போது எல்லோரும் சிரிக்க வேண்டும். சிரிக்கிறார்கள். ஜெசிந்தாவும் சிரிக்கிறாள். என் தோழி, இதே துறையில் படிகம் வளர்த்து ஆய்வு செய்கிறவள். மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டி. அவள் எப்போதும் தூணை ஒட்டித்தான் உட்காருவாள், பாதி தெரியும் பாதி தெரியாது. நேற்று மாலை அவளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. காலையில் படிக்கட்டில் பார்த்தபோது, "பாக்கலாம்டி" என்றாள். பார்க்கலாம்டி. பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, கையைத் தூக்கி ஒரே ஒரு வாக்கியம் கேட்க வேண்டும். எங்கள் துறையில் வைவா கேள்விகள் எப்படி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். கைடு நான்கு கேள்வி தட்டச்சு செய்து அனுப்புவார். அதை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுப்பது மாணவர் பொறுப்பு. யார் எதைக் கேட்கப் போகிறார் என்று கேட்கிறவருக்கும் பதில் சொல்கிறவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி யோசித்துத் தலையைச் சொறிந்து பதில் சொல்ல வேண்டும். "கொஞ்சம் தடுமாறணும்மா, ரொம்ப சரளமா சொன்னா நல்லா இருக்காது" என்று சார் ஒத்திகையில் சொன்னார். கேள்வியும் பதிலும் அறிக்கையில் ஏறும், பல்கலைக்கழகத்துக்குப் போகும். இந்த நான்கோடு ஐந்தாவதாக நான் ஒன்றை எழுதி ஜெசிந்தாவுக்கு அனுப்பினேன். எழுபத்தைந்தில் நிற்கும் கோட்டை ஈயம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? அவ்வளவுதான். அதை யாராவது கேட்டுவிட்டால் நான் பதில் சொல்லியாக வேண்டும். கேட்காவிட்டால் சொல்ல இடமில்லை. ஒத்திகை பார்த்த ஸ்லைடுகளில் அது இல்லை. ஆய்வேட்டில் அது இல்லை. இருந்தது. வெட்டினார்.

இப்போது என் முறை. மைக் கை மாறுகிறது, அவர் கை வியர்வை அதில் ஒட்டியிருக்கிறது. முதல் ஸ்லைடு, இரண்டாவது ஸ்லைடு. வாய் தானாகப் பேசுகிறது, ஒத்திகை பார்த்த வாய். கனமான அணுக்கரு ஒன்று, தங்கத்துக்குச் சற்று முந்தைய வரிசையில் இருக்கும் உலோகம். அதற்குள் புரோட்டான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துகொள்ளும், நியூட்ரான்களும் அப்படியே. இரண்டு பக்கமும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அங்கே ஒன்று இங்கே ஒன்று ஜோடியில்லாமல் மிஞ்சும். அப்படிப்பட்டதைத்தான் ஒற்றை-ஒற்றை என்கிறோம். முழு அணுக்கருவும் முட்டை வடிவத்தில் சுழலும், மிஞ்சிய இரண்டும் அந்தச் சுழற்சிக்குள் தங்கள் தங்கள் வழியில் சுழன்றுகொண்டு ஒன்றை ஒன்று இழுக்கும். சுழற்சி வேகம் குறையக் குறைய, படி இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படிக்கும் ஒரு காமா கதிரை வெளியே விடும். அந்தப் படிகளை அடுக்கினால் ஒரு ஏணி. அதைத்தான் பட்டை என்கிறோம். ஒவ்வொரு படிக்கும் ஒரு எண் உண்டு, எவ்வளவு சுழல்கிறது என்பதற்கான எண், ஸ்பின் என்போம். இரட்டை எண் படிகளும் ஒற்றை எண் படிகளும் சமமான இடைவெளியில் இருப்பதில்லை, ஒரு கூட்டம் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், ஒரு கூட்டம் கொஞ்சம் உயர்ந்திருக்கும். எது தாழ வேண்டும் என்று கணக்கு சொல்லும். சில அணுக்கருக்களில் ஏணியின் கீழ்ப்பகுதியில் அது தலைகீழாக இருக்கும், மேலே போகப் போகச் சரியாகிவிடும். எங்களுடையது மேலே வரை தலைகீழாகவே இருக்கிறது. அதுதான் சாரின் புகழ். அதுதான் டெல்லி, அதுதான் ஜெர்மனி, அதுதான் தோளில் விழுந்த வெள்ளைக்காரரின் கை. நான் இதையெல்லாம் இந்தக் குரலில் சொல்கிறேனா? நான் சொல்கிறேன். சிவப்புப் புள்ளி திரையில் என் கையோடு ஏணி மேல் ஏறுகிறது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. பொய், பொய், பொய், பொய். ஒவ்வொரு எண்ணிலும் ஒன்று குறைகிறது. கீழே ஒரு படி இருக்கிறது, அதை நாங்கள் எண்ணவில்லை. அதையும் எண்ணினால் ஏழு எட்டாகும், எட்டு ஒன்பதாகும், இரட்டை எல்லாம் ஒற்றையாகும், ஒற்றை எல்லாம் இரட்டையாகும், தலைகீழாக நின்ற ஏணி நேராக நின்றுவிடும். உலகத்திலுள்ள மற்ற ஏணிகளைப் போல ஒரு சாதாரண ஏணி. டெல்லி இல்லை, ஜெர்மனி இல்லை.

அந்தப் படி எங்கே ஒளிந்தது என்று எனக்குத் தெரியும். ஈயத்துக்குள். வடக்கே, நாங்கள் அளவீடு எடுத்த துகள் முடுக்கி மையத்தில் எங்கள் டிடெக்டர்களைச் சுற்றி ஈயக்கட்டிகள் அடுக்கியிருந்தார்கள், தேவையில்லாத கதிர் வந்து விழாமல் இருக்க. குளிர்காலம், மதிய ஷிஃப்ட், நானும் சாரும் இரண்டு மையத்து ஆட்களும். திரவ நைட்ரஜன் ஊற்றும்போது குழாய் வாயில் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்து என் செருப்பை மூடும், அந்தக் குளிரில் மூக்கு நுனி மரத்துப்போகும், அப்போது மகிழ்ச்சியாக இருந்தேன், அதை நினைத்தால்தான் இப்போது இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஈயத்தில் கதிர் பட்டால் ஈயமும் பதிலுக்குத் தன் ஒளியை விடும், எக்ஸ் கதிர். கதிர்களின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் அது எப்போதும் இரண்டு கோடாக வரும், எழுபத்தைந்து கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒன்று, எழுபத்து மூன்றுக்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று. அண்ணன் தம்பி. அண்ணன் ஐந்து விரல் உயரம் இருந்தால் தம்பி மூன்று விரல் இருக்கும், எந்த நாட்டு ஈயமானாலும் அதே கணக்கு. அதனால் எழுபத்தைந்தில் ஏதாவது தெரிந்தால் எங்கள் ஆட்கள் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள், அது ஈயம், விடு. நானும் விட்டேன். எல்லோரும் விடுகிற மாதிரி விட்டேன். கட்டுரை வெளிவந்து, பாராட்டு வந்து, எல்லாம் முடிந்தபிறகு ஆய்வேட்டுக்காகப் படம் வரைந்துகொண்டிருந்தேன். ஏணியின் ஒரு படியைத் தேர்ந்தெடுத்து, அதோடு சேர்ந்து வந்த கோடுகளை மட்டும் வடிகட்டி எடுப்போம். எடுத்தேன். எழுபத்தைந்து நிற்கிறது. நெடுநெடுவென்று. பக்கத்தில் தம்பி சுண்டுவிரல் உயரத்துக்குக் கிடக்கிறான். அண்ணன் இந்த உயரம் என்றால் தம்பி இவ்வளவு குட்டையாக இருக்க முடியாது. இதில் ஈயம் கொஞ்சம்தான். மிச்சம் எங்களுடையது. எங்கள் அணுக்கருவின் காமா, அதே இடத்தில், ஈயத்தின் தோளுக்குப் பின்னால். வேறு படிகளை வைத்து வடிகட்டினேன். நின்றது. ஏணியில் இல்லாத ஒன்றை வைத்து வடிகட்டினேன். அண்ணன் தம்பி ஒழுங்காக ஐந்துக்கு மூன்றாக வந்தார்கள். அன்றைக்கு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன், நின்றது.

சார் அறைக்குப் போனேன். பொங்கல் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். படத்தை மேசையில் வைத்தேன், இலையைத் தள்ளாமல் தலையை மட்டும் சாய்த்துப் பார்த்தார். "என்னம்மா இது?" "எழுபத்தஞ்சு சார். ஈயம் மட்டும் இல்ல." "ஈயம்தான்." "தம்பி கோடு சரியான உயரத்துல இல்ல சார்." ஸ்பூனைக் கீழே வைத்தார். "நீ எத்தனை வருஷமா இந்தத் துறையில இருக்க? ஈயத்துக்குப் போய் ஸ்பின் குடுக்கிறியே, நாளைக்கு அலுமினியப் பாத்திரத்துக்கும் குடுப்பியா?" அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். சிரித்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் வந்துவிட்டது. ஈய வசுமதி. கேன்டீனில் டம்ளரைக் காட்டி, "வசுமதி, இதுல ஏதாவது சிக்னல் வருதா பாரு." நானும் சிரித்தேன். சிரித்தேனே, அதுதான். முகத்தில் காறித் துப்பியிருக்க வேண்டும், சிரித்தேன், டம்ளரை வாங்கி உற்றுப் பார்ப்பது மாதிரிகூட நடித்தேன், எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. பிறகு அதை அத்தியாயத்தின் முடிவில் தனிப் பகுதியாக எழுதிக் கொடுத்தேன். வெட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி எழுதினேன், பணிவாக, இப்படியும் இருக்கலாம் என்ற தொனியில். அப்போது கதவைச் சாத்திவிட்டு, நல்லபடியாகவே பேசினார், அதுதான் மோசம். "வசுமதி, தீசிஸ்னா ஈயம் பூசினாப்லயும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும். நீ பட்டத்தை வாங்கிட்டு வெளிய போ. அப்புறம் உன் பேர்ல தனியா எழுது, யாரு வேணாங்கிறா?" அப்புறம். அவருடைய கையெழுத்து இல்லாமல் பட்டம் வராது, பட்டம் இல்லாமல் கல்லூரி வேலை நிரந்தரமாகாது, வேலை நிரந்தரமாகாமல் அப்புறம் என்கிற ஒன்றே வராது. அவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் தெரியும். அப்படித் தெரிந்துகொண்டு அப்பா மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார் பாருங்கள், அந்த முகத்தை, இதோ, குருப் சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கண்ணை மூடித் திறந்து, பரவாயில்லை பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறது என்று.

நான் நன்றாகத்தான் பேசுகிறேன். மூன்றாம் அத்தியாயம் முடிந்துவிட்டது. நான்காவது வந்துவிட்டது, தலைகீழ் வரிசை, பெரிய எழுத்தில். வெளிநாட்டில் ஒரு குழு எங்கள் அணுக்கருவை மறுபடி அளக்கப் போகிறது, எங்களுடையதைவிடப் பல மடங்கு பெரிய டிடெக்டர் அடுக்கில். அதற்கான திட்ட அறிக்கையில் என் பெயர் மேற்கோளாக வந்திருப்பதை நானே பார்த்தேன். வசுமதியும் பிறரும். கட்டுரையில் முதல் பெயர் என்னுடையது. மாணவிக்கு முதலிடம் கொடுத்த பெருந்தன்மை என்று அதையும் மேடையில் சொல்வார். அவர்கள் அளப்பார்கள், எழுபத்தைந்தைப் பார்ப்பார்கள், அவர்களிடம் யாரும் டம்ளரைக் காட்டமாட்டார்கள். பிறகு எழுதுவார்கள், முந்தைய ஆய்வில் வசுமதியும் பிறரும் இதைத் தவறவிட்டுவிட்டார்கள். கண்டுபிடித்தவள் நான். தவறவிட்டவள் என்று அச்சில் ஏறப் போகிறவளும் நான். பிறர் பிறராகவே இருந்துகொள்வார்கள். இதை அறவாழியிடம் சொன்னபோது, அறவாழி என் கணவர், இப்போது வெளியே வராந்தாவில் போண்டா தட்டுகளுக்குக் காவல் நிற்கிறார், சட்னி வாளி சாய்ந்துவிடாமல் செங்கல் தேடிக்கொண்டிருப்பார், சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ஒரு கோட்டுக்காகவா வசு?" என்றார். ஒரு கோட்டுக்காகத்தான். நம் வீட்டு வேலிக்கல்லை யாராவது ஒரு அடி தள்ளி நட்டால் ஒரு கல்லுக்காகவா என்று கேட்பீர்களா என்றேன். "அது வேற" என்றார். எல்லாமே வேறுதான். எனக்கு வருகிற கோபம் மட்டும் எப்போதும் சின்ன விஷயத்துக்கு வருகிற பெரிய கோபம், வேறு யாருக்கு வந்தாலும் அது நியாயம். கடைசி ஸ்லைடு. நன்றி என்று மூன்று மொழியில், பின்னால் சூரிய உதயம். கைதட்டல். அம்மா எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டுகிறாள்.

"பொதுமக்கள் கேள்விகள் கேட்கலாம்" என்கிறார் சார். பொதுமக்கள். முதல் கேள்வி முதலாண்டு மாணவரிடமிருந்து, பாவம், ஒப்பித்துக்கொண்டு வந்திருக்கிறார், முட்டை வடிவம் என்பதற்குச் சான்று என்ன. நான் தடுமாறுகிறேன், தலையைச் சொறியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிறேன், பதில் சொல்கிறேன். குருப் சார் எழுதிக்கொள்கிறார். இரண்டாவது. மூன்றாவதைக் கேட்க வேண்டிய ஆள் வாட்ஸ்அப்பைத் திறந்து பார்த்தே படிக்கிறார், ஒரு இடத்தில் என் பெயரையும் சேர்த்துப் படித்துவிடுகிறார், வசுமதி கேள்வி மூன்று, பின்வரிசையில் களுக்கென்று சிரிப்பு. நான் ஜெசிந்தாவைப் பார்க்கிறேன். தூணுக்கு இந்தப் பக்கம் தெரிகிற பாதி ஜெசிந்தா. கையைத் தூக்கு. அவள் நாற்காலிக் கைப்பிடியை நகத்தால் சுரண்டுகிறாள். தூக்குடி. நாலாவது கேள்வி வருகிறது, பதில் சொல்கிறேன், என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியாது. தூக்கு. உன் படிகங்களை நீ எந்த நாளும் வாய் திறக்காமல்தான் வளர்த்தாய், அது எனக்குத் தெரியும், உன் ஆய்வேட்டின் சுருக்க உரைக்குத் துறைத்தலைவர் என்ற முறையில் இதே ஞானசிகாமணி கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் தெரியும், தெரிந்தும் கேட்டேன், ஒரு வாக்கியம்தானே, இங்கே வந்த முதல் வருஷம் என் ஹாஸ்டல் அறையில் பாதிக் கட்டிலில் தூங்கினாயே, உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது யார் வந்து உட்கார்ந்திருந்தது, ஒரு வாக்கியம், தொடை நடுங்கி, கோழை, நீ எல்லாம். "வேறு யாருக்காவது கேள்வி?" சார் கூட்டத்தை இடமிருந்து வலமாகப் பார்க்கிறார். ஜெசிந்தா நிமிர்கிறாள். என்னைப் பார்க்கிறாள். கண் நிறைந்திருக்கிறது. தலையை லேசாக, மிக லேசாக, இல்லை என்று ஆட்டிவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய்விடுகிறாள், முழுசாக.

வேறு இல்லை, சாப்பிடப் போகலாம், என்று ஆரம்பித்துவிட்டார். குருப் சார் பேனாவை மூடுகிறார். சால்வையை எடுக்க யாரோ எழுகிறார்கள். எனக்கு ஜெசிந்தாவை அறைய வேண்டும் போலிருக்கிறது, அந்த அறை அவள் கன்னத்துக்குப் போகிற வழியில் எங்கேயோ நிற்கிறது. நான் அவளுக்கு என்ன அனுப்பினேன்? ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்து அனுப்பினேன். நீ கேள், நான் தெரியாத மாதிரி தடுமாறிப் பதில் சொல்கிறேன் என்று அனுப்பினேன். சார் நான்கு அனுப்பினார், நான் ஒன்று அனுப்பினேன். அவருக்குப் புகழ் போய்விடும் என்ற பயம், எனக்குப் பட்டம் போய்விடும் என்ற பயம், நடுவில் அவள் வாய் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். நாளைக்கு சார் கேட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன்? யாரோ கேட்டார்கள் சார், பதில் சொல்ல வேண்டியதாயிற்று, நான் என்ன செய்ய. இதே வாக்கியத்தை நேற்று படுக்கும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். சொல்லிப் பார்த்து, நன்றாக வருகிறது என்று திருப்தியாகத் தூங்கினேன். சீ. இந்தக் கோபம் இத்தனை நாள் சார் மேல், சிரித்தவர்கள் மேல், அறவாழி மேல், தூண் மேல் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு இப்போது வந்து நிற்கிற இடம் எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காவிட்டால் என்ன. யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று ஒட்டியிருக்கிறார்கள். தேர்வு எழுதுகிறவள் கேட்கக்கூடாது என்று ஒட்டவில்லை. நாற்காலிகள் நகர்கிற சத்தம். போண்டா வாசனை கதவு வழியாக வந்துவிட்டது. மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. இன்னொரு கையைத் தூக்குகிறேன். வகுப்பில் தூக்குகிற மாதிரி, நேராக. பட்டுப்புடவை தோளில் இழுக்கிறது.

சார் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "நன்றியுரை அப்புறம்மா."

"நன்றி இல்ல சார். கேள்வி."

"யாருக்கு?"

"கேண்டிடேட்டுக்கு."

பின்வரிசையில் நன்றாகவே சிரிக்கிறார்கள். "ஏம்மா, காலைல இருந்து சாப்பிடலையா?" என்று சார் கூட்டத்தைப் பார்த்துச் சொல்ல, சிரிப்பு இன்னும் கூடுகிறது. குருப் சார் சிரிக்கவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து கீழே இறக்கி என்னைப் பார்க்கிறார்.

"கேளுங்க" என்கிறார்.

"எழுபத்தைந்தில் நிற்கும் கோட்டை ஈயம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?" மைக்கில் என் குரல் எனக்கே யாரோ கேட்கிற மாதிரி இருக்கிறது. சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

"வசுமதி" என்கிறார் சார். மெதுவாகத்தான். ஒத்திகையிலும் தவறு செய்தால் இப்படித்தான் கூப்பிடுவார்.

"இருங்க சாரே" என்கிறார் குருப் சார், பேனாவைத் திறந்துகொண்டே. "கேள்வி நல்ல கேள்வியாக்கும். நானும் ரயில்ல அதைத்தான் நினைச்சேன், அப்புறம் ஈயம்னு விட்டேன்." என்னிடம் திரும்புகிறார். "பதில்?"

"முடிவு செய்யல சார். பார்க்காம விட்டோம். பிறகு பார்த்தேன்."

சூரிய உதயத்தைத் தாண்டி ரிமோட்டை அழுத்துகிறேன். ஒத்திகையில் காட்டாத படம் அங்கே இருக்கிறது, தைரியம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒட்டிவைத்தது. திரையில் எழுபத்தைந்து நிற்கிறது. திரைக்குப் பக்கத்தில் போகிறேன், வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, கோடு என் தலையைத் தாண்டிப் போகிறது. தம்பிக் கோடு நிற்கிற இடத்தில் உள்ளங்கையைத் திரையோடு வைத்து, ஐந்துக்கு மூன்று என்கிற உயரத்தில் நிறுத்துகிறேன். "இது முழுக்க ஈயம்னா பக்கத்துக் கோடு இங்க வரணும்." கை தோளுக்கு நேராக இருக்கிறது. கோடு இடுப்புக்குக் கீழே கிடக்கிறது. இங்கிலீஷ் தேவையில்லை, அம்மாவே பார்க்கலாம். பார்க்கிறாள். யாரும் சிரிக்கவில்லை. வெளியே அறவாழி யாரிடமோ தட்டு பத்தாது என்று சொல்வது கேட்கிறது.

குருப் சார் என் ஆய்வேட்டைத் திறக்கிறார், இந்த முறை எந்தப் பக்கம் என்று இங்கிருந்தே தெரிகிறது. ஏணிப் படத்தின் மேல் பேனா நுனியை வைத்து ஒவ்வொரு படியாக, உதட்டை அசைத்துக்கொண்டு, எண்ணிக்கொண்டே மேலே போகிறார். பாதி வழியில் நிற்கிறார்.

"அப்போ எல்லா எண்ணும் ஒண்ணு கூடுமே."

"கூடும் சார்."

"தலைகீழும் போயிடும்."

"போயிடும் சார்."

ஒரு முறை ஞானசிகாமணி சாரைப் பார்க்கிறார். அவர் மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார், அந்தப் பார்வையில் திட்டும் இல்லை, பாராட்டும் இல்லை, ஒரு மனுஷி என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பது அவளுக்கே தெரிகிறதா என்று பார்க்கிற பார்வை.

"அப்படின்னா உங்க நாலாவது அத்தியாயம்?"

"இருக்காது சார்" என்கிறேன்.